ஃபுட்பால் மேனேஜர் 24: எல்லாம் ஓகே, அந்த ஸ்டார்தான்

துபாய்ல இருக்க மச்சான் கேட்டான், ஃபுட்பால் டீம நாமளே நடத்துற கம்ப்யூட்டர் கேம், ஃபுட்பால் மேனேஜர் 26, ஆஃபர்ல கெடக்கு, வாங்கவான்னு. நான் இன்னும் 24-லதான் கெடக்கேன், 25-அ 2025 பிப்ரவரில கேன்சல் பண்ணிட்டாங்க, அதனால ரொம்ப நாளா இதே கேம்தான். பாம்பன்ல ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், போட்டெல்லாம் கட்டிக் கெடக்கும், ஐஸ் கம்பெனில எனக்கும் வேல இருக்காது, ராத்திரி பூரா லேப்டாப்தான்.

டேக்டிக்ஸ், டிரான்ஸ்ஃபர், டிரெய்னிங் எல்லாம் அருமை, கொறையே சொல்ல மாட்டேன். கடுப்பேத்துறது பொட்டென்ஷியல் ஸ்டார் ஒண்ணுதான், அதாவது ஒரு பையன் எவ்ளோ தூரம் வளருவான்னு காட்டுற ஸ்டார்.

மச்சான் ஃபிஃபாங்கற கால்பந்து கேம ஆடி பழகுனவன், அதுல ஃபிஃபா 20-லருந்து கரியர் மோட்ல பையன் நல்லா ஆடுனா பொட்டென்ஷியலே ஏறும். இங்க ஒவ்வொருத்தனுக்கும் பிஏன்னு, அதாவது அவன் எட்டக்கூடிய உச்ச தெறமைக்கு, 200-க்கு ஒரு நம்பர், அவன் கேமுக்குள்ள வரும்போதே முடிவாயிரும், அப்பறம் நீ தலகீழா நின்னாலும் ஏறாது. சில சின்னப் பசங்களுக்கு டேட்டாபேஸ்ல மைனஸ் நம்பர், -9னா 150-லருந்து 180-க்குள்ள எதுவேணா விழும், -10னா 170-லருந்து 200, அதான் ஒருத்தன் சேவ்ல, அதாவது அவன் ஆடி சேமிச்ச ஆட்டத்துல, கலக்குற பையன் இன்னொருத்தன் சேவ்ல பெஞ்ச தேய்ப்பான். நெசத்துலயும் அப்டித்தான்னு வைங்க, 2004-ல 14 வயசுல அமெரிக்க லீக்ல எறங்குன ஃப்ரெடி ஆடு அப்ப வந்த இந்த கேமோட பழைய வெர்ஷன்ல எல்லாரும் தேடித்தேடி எடுத்த பய, அப்பறம் கிளப் கிளப்பா சுத்துனதுதான் மிச்சம்.

சரி, அந்த நம்பர நமக்கு காட்ட மாட்டான். ஸ்டார்தான் காட்டுவான், அதுவும் நம்ம டீமோட ஒப்பிட்டு. மீன் வரத்து இல்லாத அன்னிக்கு சூடைக்கும் நல்ல வெல விழும்ல, அந்தக் கததான். நான் எடுத்து நடத்துற சென்னையின் எஃப்சி அகாடமில ஒரு 16 வயசு மிட்ஃபீல்டர் வந்தான், நாலரை ஸ்டார், நானும் வேற பசங்கள ஓரங்கட்டி அவனுக்கே மேட்ச் மேட்ச்சா குடுத்தேன். ஜனவரில வெளிநாட்டுக்காரன் ரெண்டு பேர மிட்ஃபீல்டுக்கு எடுத்தா பையன் மூணு ஸ்டாருக்கு எறங்கிட்டான். பையன் என்னடா பண்ணான் பாவம்! அசிஸ்டண்ட்ட மாத்துனேன், திரும்ப மூணரை ஆயிருச்சு. ஏன்னா ஸ்டார் போடுறது நம்ம ஸ்டாஃப், அவனுக்கே பொட்டென்ஷியல் கணிக்கிற தெறமைக்கு 20-க்கு ஒரு மார்க் இருக்கு.

பொறுக்க முடியாம காசு குடுத்து, மறைச்சு வச்ச நம்பரயும் காட்டுற எடிட்டர வாங்கி தொறந்து பாத்தேன். பிஏ 112, இப்ப இருக்க தெறம 110. வயசு 19. இனிமே ரெண்டே பாயிண்ட்டு, அவ்ளோதான் அவன் வாழ்க்க. அதுக்கப்பறம் அவன் கோல் போட்டா கூட கைதட்ட தோணல, அதுதான் ரொம்ப எரிச்சல், தெரியாம இருந்தப்பதான் நல்லா இருந்துச்சு. இப்ப சாயங்காலம் கடக்கரைல பந்தாடுற பசங்களுக்கே மனசுக்குள்ள ஸ்டார் போட்டுட்டு இருக்கேன், சீக்கு புடிச்ச கேம்.

இந்த அளவுக்கு ஒரு கேம் மண்டைக்குள்ள ஏறுனது வேற எதுவும் இல்ல. ஆனாலும் மச்சான், வாங்காத. மீறி வாங்குனா மொத வேலையா கணிக்கிற மார்க் 15-க்கு மேல இருக்க, ஆள் தேடுற ஸ்கவுட்டா பாத்து எடு, எடிட்டர் பக்கம் போகவே போகாத, லீவுக்கு வரும்போது சேவ் ஃபைல கொண்டா.