போர்டு கேம் வரவில்லை, அப்டேட் வந்திருக்கிறது

நண்பன் ஒருவன் ஒரு கிரவுட்ஃபண்டிங் பக்கத்தின், அதாவது ஒரு பொருளைத் தயாரிக்கப் பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் பக்கத்தின், லிங்க்கை அனுப்பி, "இதுல காசு போடலாமா? நீதான் ரொம்ப வருஷமா போட்டுட்டு இருக்கியே" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. எப்போதோ வந்திருக்க வேண்டிய ஒரு போர்டு கேமுக்கு, "கப்பல் கட்டணம் கூடிவிட்டது, மிச்சத்தைக் கட்டினால்தான் பெட்டி கிளம்பும்" என்று அன்று காலையில்தான் மெயில் வந்திருந்தது. அதனால் கீழே வரப்போகும் தீர்ப்பில் பாதியை அந்த மெயிலின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தளங்கள் எப்படி இயங்குகின்றன என்பது பலருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாக. கிக்ஸ்டார்ட்டரில் 2009-லிருந்து ஒரே விதி: இலக்குத் தொகை சேர்ந்தால் மொத்தமும் படைப்பாளிக்குப் போகும், சேராவிட்டால் யார் கார்டிலிருந்தும் ஒரு காசு எடுக்க மாட்டார்கள். சேர்ந்ததில் தளத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் கார்டு கட்டணமாக 3 முதல் 5 சதவீதம் வரை. இண்டிகோகோ என்ற இன்னொரு தளத்தில் இலக்கைத் தொடாவிட்டாலும் சேர்ந்த வரைக்கும் எடுத்துக்கொள்ளும் வழி இருந்தது. பாதிப் பணத்தில் முழுப் புத்தகத்தை எப்படி அச்சடிப்பார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அந்த வகைப் பக்கங்களில் நான் கை வைத்ததில்லை. காசு கட்டுவது சுலபம், தேடுவது பரவாயில்லை. தளத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

என் தொல்லை எல்லாம் அப்டேட்தான், அதாவது வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பணம் போட்டவர்களுக்குப் படைப்பாளி எழுதும் செய்தி. பணம் சேரும் அந்த முப்பது நாளும் படைப்பாளிக்கு நம் மேல் எவ்வளவு பாசம் தெரியுமா! தினம் ஒரு செய்தி, புதுப் படம், நள்ளிரவில் நேரலை, கேட்ட கேள்விக்குப் பத்து நிமிடத்தில் பதில். இலக்கு தாண்டி, கெடு முடிந்து, பணம் கைக்குப் போனதும் ஜெயித்த வேட்பாளர் மாதிரி ஆளைக் காணோம். அப்புறம் மாதக்கணக்கில் மௌனம், கமென்ட் பகுதியில் யாராவது கத்தினால் ஒரு அப்டேட்.

அந்த அப்டேட்டுக்கு என்று ஒரு அமைப்பு இருக்கிறது, நிறையப் படித்ததில் எனக்கு மனப்பாடம். முதலில் நன்றி. அப்புறம் ஏதோ கண்காட்சியில் எடுத்த சிரித்த முகப் புகைப்படங்கள். பகடைக்காயின் நிறத்தைப் பற்றி மூன்று பத்தி. கடைசிக்கு முந்தின பத்தியில், கண் தவறினால் தாண்டிப்போகும் இடத்தில், "சில சிறிய மாற்றங்களால் அனுப்பும் காலம் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போகிறது" என்று ஒரு வரி. முதலில் மாதம் சொன்னார்கள், அது காலாண்டாகும், காலாண்டு பிறகு "ஆண்டின் பிற்பகுதி" ஆகும். இதற்கெல்லாம் கீழே அவர்களுடைய அடுத்த ப்ராஜெக்டின் விளம்பரம். தாமதம் கூட எனக்குப் பொறுக்கும், அந்த ஒரு வரியை ஒளித்துவைக்கும் சாமர்த்தியம்தான் பொறுக்கவில்லை.

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். தாமதம் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் திருட்டுத்தனம் இல்லை. பக்கத்தைத் திறக்கும் நாளில் படைப்பாளிக்கு 500 பேர் வருவார்களா 5,000 பேர் வருவார்களா என்றே தெரியாது, ஆனாலும் அனுப்பும் மாதத்தை அன்றே எழுதியாகவேண்டும். பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு எஃகில் அச்சு வெட்டவேண்டும், மாதிரி வார்த்துப் பார்த்துத் திருத்தவேண்டும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் வாரக்கணக்கில் போகும். தொழிற்சாலை குறைந்தது இத்தனை பெட்டி என்றால்தான் மெஷினை ஓட்டும். சீனப் புத்தாண்டுக்கு முன் வேலை முடியவில்லை என்றால் அந்த விடுமுறையும் அதைத் தொடரும் நெரிசலும் சேர்ந்து மேலும் பல வாரங்களை விழுங்கும். 2020, 2021-ல் கப்பல் கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியபோது, பழைய வாடகையை நம்பிக் கட்டணம் வசூலித்திருந்த போர்டு கேம்காரர்கள் நிஜமாகவே திண்டாடினார்கள். போதாததற்கு ஸ்ட்ரெச் கோல். இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்தால் இன்னும் இரண்டு பொம்மை, இன்னொரு அட்டைக்கட்டு என்று உற்சாகத்தில் அறிவித்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றும் பெட்டியின் எடையைக் கூட்டும், எடை கூடினால் அனுப்பும் செலவு கூடும். அதைக் கேட்டுக் கைதட்டியதும் நாங்கள்தான்.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் என் கோபத்துக்கு அவ்வளவு ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஈத்தன் மாலிக் 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் போட்ட சுமார் 47,000 பேரைக் கேட்டு ஒரு ஆய்வு செய்தார். நிதி சேர்ந்த ப்ராஜெக்டுகளில் வாக்களித்ததைக் கொடுக்காமல் போனவை சுமார் 9 சதவீதம் என்று வந்தது. பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அவரே வெளியிட்ட கட்டுரையில், டிசைன், தொழில்நுட்ப வகைகளில் முக்கால்வாசிக்கு மேல் சொன்ன தேதியைத் தாண்டித்தான் வந்தன. ஆக, பொருள் வரும். தேதியை மட்டும் நம்பக்கூடாது. தளமும் இதை மறைக்கவில்லை: 2012 செப்டம்பரிலேயே "கிக்ஸ்டார்ட்டர் ஒரு கடை அல்ல" என்று தலைப்பிட்டு எழுதி, என்னென்ன சிக்கல் வரலாம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் சொல்லவேண்டும், கருவிகளுக்குக் கம்ப்யூட்டரில் வரைந்த பளபளப் படங்களைக் காட்டக்கூடாது என்று விதி போட்டார்கள்.

தாமதத்தை மறைக்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2012-ல் டபுள் ஃபைன் என்ற வீடியோ கேம் நிறுவனம் 4 லட்சம் டாலர் கேட்டது, 87,000 பேர் சேர்ந்து 33 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வரவேண்டிய விளையாட்டின் முதல் பாதி 2014 ஜனவரியிலும் மறு பாதி 2015 ஏப்ரலிலும்தான் வந்தது. நடுவில், எதிர்பார்த்ததைப் போல எட்டு மடங்கு வந்தும் பணம் போதவில்லை என்று நேராகவே எழுதினார்கள். திட்டு விழாமல் இல்லை. ஆனால் ஒரு ஆவணப்படக் குழு முதல் நாளிலிருந்தே கூட இருந்து, பட்ஜெட் சண்டை உட்பட எல்லாவற்றையும் படம் பிடித்துப் பணம் போட்டவர்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. விளையாட்டை விட அந்த வீடியோக்கள்தான் போட்ட காசுக்குப் பெறும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி.

எதிர்ப்பக்கம் கூலஸ்ட் கூலர். பிளெண்டரும் ஸ்பீக்கரும் வைத்த ஐஸ் பெட்டி, 2014-ல் 62,000 பேரிடம் 1 கோடியே 32 லட்சம் டாலர் திரட்டியது. பணம் போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும்போதே அமேசானில் விற்க ஆரம்பித்தார்கள், அடுத்து, சீக்கிரம் வேண்டுமென்றால் இன்னும் 97 டாலர் கட்டுங்கள் என்று காத்திருந்தவர்களிடமே கேட்டார்கள். 2019 டிசம்பரில் மூடியபோது சுமார் 20,000 பேருக்குப் பெட்டி வரவே இல்லை. நமக்கு வரும் "மிச்சத்தைக் கட்டுங்கள்" மெயிலைப் பார்த்ததும் ரத்தம் கொதிப்பது இதையெல்லாம் படித்துத் தொலைத்ததால்தான்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் கிடைக்காது. ஜானோ என்ற குட்டி ட்ரோன் சுமார் 12,000 பேரிடம் 23 லட்சம் பவுண்டு திரட்டிவிட்டு 2015 நவம்பரில் கவிழ்ந்தபோது, என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கக் கிக்ஸ்டார்ட்டரே ஒரு பத்திரிகையாளருக்குக் காசு கொடுத்து விசாரிக்கச் சொன்னது. நல்ல அறிக்கை, நீளமானது, சுவாரசியமானது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது அந்த அறிக்கைதான். அதே ஆண்டு அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் கிரவுட்ஃபண்டிங் தொடர்பான தன் முதல் வழக்கை முடித்தது. ஒரு போர்டு கேமுக்காகச் சேர்ந்த 1,22,000 டாலரில் பெரும்பகுதியை வீட்டு வாடகை முதலான சொந்தச் செலவுக்கு இழுத்துவிட்டவர் மேல் போட்ட வழக்கு அது. தீர்ப்புத் தொகையைக் கட்ட அவரிடம் வசதி இல்லை என்று அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. வேறொரு பதிப்பாளர் மனமிரங்கி அந்த விளையாட்டைத் தயாரித்துப் பணம் போட்டவர்களுக்கு இலவசமாக அனுப்பினார்.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். என் அலமாரியில் எனக்குப் பிடித்த புத்தகங்களில் பல இந்த வழியில் வந்தவை, எந்தப் பதிப்பகமும் தொட்டிருக்காது. அதில் ஒரு படப் புத்தகக்காரர் எழுதிய அப்டேட்டுகளைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். திரையில் பளிச்சென்று தெரியும் நீலம் நான்கு மை அச்சில் ஏன் ஊதாவாக இறங்குகிறது என்று, கெட்டுப்போன ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, படம் எடுத்துப் போட்டு விளக்கியிருந்தார். இன்னொன்றில் காகித இழையின் திசை. இழை புத்தகத்தின் முதுகோடு ஓடாமல் குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்து நிற்கும், விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். முதல் கட்டு அப்படி வந்துவிட்டது, திருப்பி அனுப்பிவிட்டேன், அதனால் தள்ளிப்போகிறது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். புத்தகம் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது, யாரும் கமென்டில் கத்தவில்லை. படித்தது ஒரே தடவை, சுமார்தான். ஆனால் இப்போது எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் விரித்துவைத்து மூடிக்கொள்கிறதா என்று பார்க்கிறேன்.

கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் பணம் போட்டவர்களின் பெயர்ப் பட்டியல், அதில் என் பெயர். இது அல்ப சந்தோஷம் என்று தெரியும். 1885-ல் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் இல்லாதபோது ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில் இதைத்தான் செய்தார்: சில்லறை கொடுத்தவர் பெயரையும் விடாமல் அச்சிட்டார், ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த அல்ப சந்தோஷத்துக்கு அப்போதே நல்ல வரவேற்பு இருந்திருக்கிறது.

எதில் போடலாம் என்றால், வேலை முடிந்த பிறகு கேட்கிறவர்களிடம் போடலாம். அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் 2022-ல் கிக்ஸ்டார்ட்டரில் நான்கு நாவல்களுக்கு 4 கோடியே 17 லட்சம் டாலர் திரட்டினார், அப்போதே நான்கும் எழுதி முடிந்திருந்தன, 2023-ல் காலாண்டுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. எல்லோரும் அவர் ஆகமுடியாது, சரி. ஆனால் கதை எழுதியாயிற்றா, பாட்டு ரெக்கார்டு ஆயிற்றா, அச்சகத்தின் விலை கையில் இருக்கிறதா என்று யாரிடமும் கேட்கலாம். அதற்கும் மேலாக, அதே ஆள் முன்பு நடத்திய ப்ராஜெக்டின் அப்டேட் வரிசையைத் திறந்து, பணம் சேர்ந்த தேதிக்கு அப்புறம் எவ்வளவு இடைவெளி விட்டு எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். கெட்ட செய்தி முதல் வரியில் இருக்கிறதா, கடைசிக்கு முந்தின பத்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரெய்லர் வீடியோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை.

நண்பனுக்கு நான் அனுப்பிய பதில் "போடாதே" என்பதுதான். பிளாஸ்டிக் பொம்மை இருந்தால் நிச்சயமாகப் போடாதே, ஸ்ட்ரெச் கோல் பட்டியல் பக்கத்தை விட நீளமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதே, நன்றாக இருந்தால் எப்படியும் கடைக்கு வரும். புத்தகம், இசை என்றால் மட்டும் யோசிக்கலாம், அதிலும் தேதி எழுதிய இடத்தை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கவேண்டும்.

நான் நிறுத்திவிட்டேனா என்றால், இல்லை. கிக்ஸ்டார்ட்டரில் எந்த ரிவார்டும் (பணத்துக்குப் பதிலாக அனுப்பும் பொருள்) வேண்டாம் என்று ஒரு டாலர் மட்டும் போட முடியும். பொருள் வராது, ஆனால் பணம் போட்டவர்களுக்கு மட்டும் போகிற அப்டேட்டுகள் முழுக்க வரும், கமென்ட் போடும் உரிமையும் உண்டு. பல போர்டு கேம்களில் பிறகு மிச்சத்தைக் கட்டி முழுப் பெட்டியையும் வாங்கிக்கொள்ளவும் விடுகிறார்கள். இப்போதெல்லாம் நான் அதிகம் செய்வது இதுதான். ஒரு டாலருக்கு இரண்டு வருஷம் படிக்க விஷயம் கிடைக்கிறது, கோபம் வந்தால் கமென்டில் எழுதவும் இடம் இருக்கிறது.