எஸ்எச்கே 100 மைக்ரோகிராம் குப்பி: பொடி நல்லது, லேபிள்தான் பாதி உண்மை

ஆய்வகங்களுக்கு விற்கப்படும் எஸ்எச்கே என்ற நச்சுக் குப்பியைத் திறந்து பார்த்தால் காலி மாதிரிதான் இருக்கும். 100 மைக்ரோகிராம் உலர் பெப்டைடு (சிறு புரதம்) கண்ணில் படாது. மூடியின் அடியிலோ சுவரிலோ மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் மைக்ரோஃபியூஜ் என்ற சிறு சுழற்றியில் சில நிமிடம் சுற்றிப் பொடியை அடியில் இறக்கிவிட்டுத்தான் மூடியைத் தொட வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பாதி நச்சை மூடியோடு குப்பையில் போட்டுவிட்டு, "சரக்கு சரியில்லை" என்று புகார் எழுதுகிறார்கள்.

எஸ்எச்கே என்பது கரீபியன் கடலில் வாழும் ஸ்டைகோடாக்டைலா ஹீலியாந்தஸ் என்ற கடல் சாமந்தியின் (பூ போலத் தோன்றும் கடல் விலங்கு) நச்சு. 1995-இல் பிரித்தெடுத்து விவரிக்கப்பட்டது. 35 அமினோ அமிலங்கள், அவற்றின் மடிப்பைப் பிடித்து வைக்கும் மூன்று டைசல்பைடு (கந்தக) பிணைப்புகள், அவ்வளவுதான். இப்போது விற்பதெல்லாம் ஆய்வகத்தில் கோத்து மடித்த செயற்கைச் சரக்கு. இதற்காக ஒரு சாமந்தியையும் வெட்டுவதில்லை. அதன் 22-ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம், பொட்டாசியம் வாயிலின் (செல் சவ்வில் பொட்டாசியம் கடக்கும் புரத வழி) துளைக்குள் தக்கை போல இறங்கி அடைக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களில் உள்ள கேவி1.3 வகை வாயிலின் மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைக்க ஏறக்குறைய 10 பிக்கோமோலார் போதும். இந்த வீரியத்துக்குத்தான் காசு.

கணக்கு எளிது. மூலக்கூறு எடை சுமார் 4,055 டால்டன். 100 மைக்ரோகிராம் என்றால் 24.7 நானோமோல், 247 மைக்ரோலிட்டர் தூய நீரில் கரைத்தால் 100 மைக்ரோமோலார். ஆனால் குப்பியில் எழுதியிருக்கும் எடை பெப்டைடின் எடைதானா, கூடவே வரும் ட்ரைஃப்ளூரோஅசிட்டேட் உப்பும் ஈரமும் சேர்ந்ததா என்பதைப் பகுப்பாய்வுச் சான்றில் பார்க்க வேண்டும். சான்றில் 'நிகர பெப்டைடு' என்ற வரி இல்லையென்றால் நீங்களே அளந்துவிடலாம். இந்த மூலக்கூறில் ட்ரிப்டோஃபேன் கிடையாது. ஒரே ஒரு டைரோசினும் மூன்று டைசல்பைடுகளும் சேர்ந்து 280 நானோமீட்டரில் தரும் உறிஞ்சு கெழு 1,865. ஆக 100 மைக்ரோமோலார் கரைசல் 1 சென்டிமீட்டர் பாதையில் 0.187 காட்ட வேண்டும். 0.14 காட்டினால் கையில் இருப்பது 75 மைக்ரோமோலார்தான். இரண்டு மைக்ரோலிட்டர் செலவில் முடிகிற இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் இல்லை.

கரைத்ததும் 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். டிடிடி, மெர்காப்டோஎத்தனால் போன்ற, டைசல்பைடை அவிழ்க்கும் ஒடுக்கிகள் கலந்த எந்தக் கரைசலும் பக்கத்தில் வரக்கூடாது. டைசல்பைடு அவிழ்ந்தால் நச்சு வெறும் கயிறு. நிறைமாலையில் (மூலக்கூறின் எடை காட்டும் படம்) 6 டால்டன் கூடியிருந்தால் மூன்று பிணைப்பும் அவிழ்ந்திருக்கிறது, 16 கூடியிருந்தால் 21-ஆம் இடத்து மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்று படிக்கலாம்.

பெரும்பாலோர் வழுக்கி விழுவது நீர்த்தலில். 100 மைக்ரோமோலாரிலிருந்து 100 பிக்கோமோலாருக்கு இறங்குவது பத்து லட்சம் மடங்கு. நூறு மடங்கு வீதம் மூன்று படிகள், ஒவ்வொரு படிக்கும் புது பைப்பெட் முனை. அந்த அளவில் ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் பெப்டைடு மிகச் சொற்பம். பிளாஸ்டிக் குழாயும், செல்லுக்குக் கரைசலைக் கொண்டுசெல்லும் பெர்ஃபியூஷன் டியூபும் அதை அப்படியே விழுங்கிவிடும். நீர்த்தும் கரைசலில் 0.1 சதவீதம் மாட்டு சீரம் ஆல்புமின் சேருங்கள், கடைசிப் படியை அன்றன்றே செய்யுங்கள். ஆல்புமின் இல்லாமல் செய்துவிட்டு "10 பிக்கோமோலாரில் வேலையே செய்யவில்லை" என்று ஒரு நட்சத்திரம் கொடுப்பது நியாயமில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: நச்சு போடாமலே நச்சு வேலை செய்வது. கேவி1.3 திறந்த பிறகு மெதுவாகத்தான் பழைய நிலைக்கு மீளும். செல்லின் மின்னோட்டத்தை அளக்கும்போது வினாடிக்கு ஒரு மின்துடிப்பு கொடுத்தால் ஓட்டம் தானாகவே துடிப்புக்குத் துடிப்பு சரியும். பார்ப்பவருக்கு அது அழகான தடுப்பு வளைவாகத் தெரியும். மைனஸ் 80 மில்லிவோல்ட்டில் வைத்து, பிளஸ் 40-க்கு 200 மில்லிவினாடி, 30 வினாடிக்கு ஒருமுறை என்று கொடுத்து, நச்சில்லாத ஓட்டம் நிலைத்த பிறகே நச்சைத் திறந்துவிட வேண்டும். குறைந்த செறிவில் தடுப்பு முழுமையாகப் பல நிமிடங்கள் ஆகும். இரண்டாவது நிமிடமே அளவெடுத்தால் வீரியம் குறைவாகத்தான் தெரியும்.

ஒரு நட்சத்திரம் குறைப்பது லேபிளுக்காக. 'கேவி1.3 தடுப்பான்' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். இயற்கை வடிவ எஸ்எச்கே, நரம்புகளில் இருக்கும் கேவி1.1-ஐயும் கிட்டத்தட்ட அதே பிக்கோமோலார் அளவில் அடைக்கும். மனித டி செல்லில் இது பெரிய பிரச்சினை இல்லை. மூளைத் துண்டிலோ நரம்புச் செல்லிலோ இதைப் போட்டுவிட்டு "கேவி1.3 காரணம்" என்று எழுதினால் ஆய்வுக் கட்டுரை திரும்பி வரும். அங்கே 22-ஆம் லைசினுக்குப் பதில் டையமினோபுரோப்பியோனிக் அமிலம் வைத்த மாற்று வடிவத்தை வாங்குங்கள். சுண்டெலியின் டி செல்களில் வேறு கேவி வாயில்களும் இருப்பதால் கேவி1.3-ஐ மட்டும் அடைத்து அவற்றை அடக்க முடியாது. பெரிய எலிதான் (rat) பொருத்தம்.

மருந்துப் பக்கம் கேட்பவர்களுக்கு: இந்த நச்சைத் திருத்தி, கேவி1.1-ஐ விட்டு விலகச் செய்த வடிவம்தான் டலாசடைடு. தன்னுடல் தாக்கு நோய்களில் தொல்லை தரும் நினைவாற்றல் டி செல்கள் கேவி1.3-ஐ நம்பி இயங்குவதால், மற்ற எதிர்ப்பாற்றலை அதிகம் கெடுக்காமல் அவற்றை மட்டும் அடக்கலாம் என்பது யோசனை. சொரியாசிஸ் உள்ள 24 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான முதல் கட்டச் சோதனையில், வாரம் இருமுறை 30 அல்லது 60 மைக்ரோகிராம் தோலுக்கடியில் போட்டார்கள். 60 போட்ட பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நோய் மதிப்பெண் இறங்கியது. லேசான மரத்துப்போதலும் குறுகுறுப்பும் பக்கவிளைவு. நம்பிக்கை தருகிற முடிவுதான், ஆனாலும் நான்கே வாரம், சிறு கூட்டம்.

அந்த டோஸைக் குப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கையில் இருப்பது அதைவிட அதிகம், அதுவும் திருத்தப்படாத மூல வடிவம். ஆய்வுச் சரக்கு கிருமிநீக்கம் செய்தோ எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) பார்த்தோ வருவதல்ல. சொரியாசிஸுக்கு ஊசியாகப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடவே கூடாது. கரைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

வலி ஆய்வுக்கு ஏஎஸ்ஐசி3 (அமிலத்தை உணரும் வாயில்) தடுப்பான் தேடுபவர்கள் இந்தக் குப்பியை விட்டுவிடுங்கள். அதற்கு வேறொரு கடல் சாமந்தியின் ஏபிஇடிஎக்ஸ்2 நச்சு இருக்கிறது. இதயச் செல்லில் சோடியம் ஓட்டத்தை நீட்டிப் பார்க்க ஏடிஎக்ஸ்-2 என்ற இன்னொரு கடல் சாமந்தி நச்சு. டி செல் வேலை செய்பவர்களுக்கு இதுவே சரி, ஐந்துக்கு நான்கு. ஆர்டர் போடும் முன் நிகர பெப்டைடு அளவையும் நிறைமாலைப் படத்தையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.