இஃப்லி ரோடு டிராக்: பல வருடம் ஓடிய பிறகு

ஆக்ஸ்போர்டுக்கு வருகிறவர்கள் கல்லூரிகளையும் நூலகங்களையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். விளையாட்டில் ஆர்வமுள்ள நண்பர்கள் வந்தால் நான் இஃப்லி ரோட்டுக்குக் கூட்டிப்போவேன். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான டிராக் அங்கேதான் இருக்கிறது. முதல் பார்வையில் எல்லோருக்கும் ஏமாற்றம். உலகமே பேசிய இடம் இவ்வளவு சின்னதா என்று கேட்பார்கள். பெரிய கேலரி கிடையாது, சுற்றி மரங்களும் வீடுகளும், பக்கத்திலேயே ரக்பி மைதானம். நான் பல வருடங்களாக ஓடிப் பழகிய இடம் இது. அதன் பழைய கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதன்மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

1954 மே 6 அன்று ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி முடித்தது இங்கேதான். நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதர். இது பலருக்கும் தெரியும். அதே மனிதர் மாணவராக இருந்தபோது இந்த டிராக்கையே மாற்றிப் போட வைத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என் கணக்கில் இரண்டும் சமமான சாதனைகள்.

இங்கே டிராக் வந்தது 1876இல். அப்போது அதன் சுற்றளவு மைலில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று சுற்று ஓடினால் ஒரு மைல். தரை சமமாக இல்லை, நேர்ப்பாதையிலேயே மேடும் பள்ளமும் இருந்தது. போதாததற்கு, மற்ற இடங்களில் இடப்பக்கமாகச் சுற்றி ஓடினால் இங்கே வலப்பக்கமாக ஓடினார்கள். 1946இல் எக்ஸிட்டர் கல்லூரிக்கு மருத்துவம் படிக்க வந்த பேனிஸ்டர் பழகியது இந்தத் தளத்தில்தான். பின்னால் பல்கலைக்கழகத் தடகள மன்றத்தின் தலைவரானதும் இதைப் பெயர்த்துவிட்டுப் புதுசாகப் போட வேண்டும் என்று நின்றார். ஆறு லேன்களோடு, 440 கெஜம் சுற்றளவில் புது டிராக் 1950இல் தயாரானது. அதாவது சரியாகக் கால் மைல். நான்கு சுற்று, நான்கு நிமிடம். பழைய தளத்தில் அந்தச் சாதனை முடிந்திருக்குமா? முடிந்திருக்காது என்பதே என் எண்ணம். மேடு ஏறி இறங்கும் தளத்தில் சுற்றுக்குச் சுற்று ஒரே வேகத்தைப் பிடித்து ஓட முடியாது.

புது டிராக்கும் சிண்டர் டிராக்தான். நிலக்கரி எரிந்து மிஞ்சும் கசடைத் தூளாக்கிப் பரப்பி, உருளை போட்டு இறுக்கிய தளம். செம்மண் தரையில் ஓடிப் பழகியவர்களுக்கு இதன் குணம் சட்டென்று புரியும். மழை பெய்தால் ஷூவில் அப்பிக்கொள்ளும், வெயிலில் பொருக்குத் தட்டும், ஒரு போட்டி முடிந்தால் உள் லேன் முழுக்கக் குழியாகும். பந்தயத்தன்று காலை பேனிஸ்டர் லண்டனில் தான் வேலை பார்த்த மருத்துவமனை ஆய்வகத்துச் சாணைக்கல்லில் ஸ்பைக்குகளை, அதாவது ஷூவின் அடியில் இருக்கும் கூர் ஆணிகளை, தீட்டினார். கசடு ஒட்டாமலிருக்க அவற்றின்மேல் கிராஃபைட்டும் தடவினார். நூறு கிராமைக் கொஞ்சம் தாண்டும் எடைக்குத் தனியாகச் செய்யச் சொன்ன ஷூ அது. கால் ஒவ்வொரு முறையும் கசட்டைச் சுமந்துகொண்டு எழுந்தால் அந்த எடைக்குறைப்பே வீணாகிவிடும்.

அன்று காற்றும் பலமாக இருந்தது. சுற்றுக்கு ஒரு நொடியைக் காற்றே தின்றுவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. சாலையை ஒட்டியுள்ள செயின்ட் ஜான் தேவாலயக் கோபுரத்தில் பறந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தய நேரத்தில் கொடி தொய்ந்தது, சரி ஓடலாம் என்று முடிவெடுத்தார். கிறிஸ் பிராஷர் முதலில் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தார், அப்புறம் கிறிஸ் சாட்டவே. மூன்று சுற்று முடிந்தபோது 3 நிமிடம் லேசாகத் தாண்டியிருந்தது. கடைசிச் சுற்றை 59 நொடிக்குள் ஓடினார் பேனிஸ்டர். ஒலிபெருக்கியில் நோரிஸ் மெக்விர்ட்டர் நேரத்தை அறிவிக்கும்போது "மூன்று" என்ற சொல்லுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை, கூட்டம் கத்திய கத்தலில் மற்றதெல்லாம் முங்கிப்போனது. 1945 முதல் ஸ்வீடன் வீரர் குண்டர் ஹேக் கையில் இருந்த 4 நிமிடம் 1.4 நொடி சாதனை அதோடு போனது. பேனிஸ்டரின் சாதனையும் ஆறேழு வாரம்தான் தாங்கியது. ஜூன் 21 அன்று பின்லாந்தில் ஆஸ்திரேலிய வீரர் ஜான் லாண்டி அதை முறியடித்தார்.

அந்தக் காற்றைப் பற்றி இங்கே ஓடும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு நேர்ப்பாதையில் முதுகைத் தள்ளிவிடும், அடுத்ததில் நெஞ்சில் அடிக்கும். பின்காற்றில் கிடைக்கும் லாபம் எதிர்க்காற்றில் போன நஷ்டத்தை ஒருபோதும் ஈடுகட்டாது. காற்றடிக்கும் நாளில் நேரம் பார்த்து ஓடுவதை நான் விட்டுவிட்டேன். அன்றைக்கு யாராவது ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடிவிட்டு, பாதியில் இடம் மாறி அவருக்கு நான் முன்னால் போவேன். பிராஷரும் சாட்டவேயும் செய்த உதவி எவ்வளவு பெரியது என்பது அப்படி ஓடும்போதுதான் உடம்புக்குத் தெரிகிறது.

1970களின் பிற்பாதியில் சிண்டரை எடுத்துவிட்டு சிந்தெடிக் தளம் போட்டார்கள். சரித்திரம் நடந்த கசட்டை ஏன் பெயர்த்தார்கள் என்று வருத்தப்படுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எனக்கு அந்த வருத்தம் இல்லை. சிண்டரை விடாமல் வாரி, நனைத்து, உருட்டிப் பராமரிக்க ஆள் வேண்டும்; விட்டால் புல் முளைத்துவிடும். இப்போதைய தளத்தில் மழை நின்ற கொஞ்ச நேரத்தில் ஓடலாம். முழங்காலுக்கும் நல்லது, தார்ச்சாலையில் ஓடிவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் உடனே தெரியும். குளிர்காலத்தில் மட்டும் ரப்பர் விறைத்துப்போகும். உறைபனி படிந்த காலையில் வளைவுகளில் வழுக்கும், அன்று ஸ்பைக் போட்டாலும் வேக ஓட்டம் வேண்டாம்.

ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று போனது உண்மை. இப்போது டிராக் 400 மீட்டர். 440 கெஜம் என்பது 402 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, நான்கு சுற்று ஓடினால் மைல் முடியாது, இன்னும் 9.34 மீட்டர் பாக்கி இருக்கும். நான்கு சுற்று ஓடிவிட்டு "பேனிஸ்டர் ஓடிய மைலை நானும் ஓடிவிட்டேன்" என்று படம் எடுத்துக்கொள்பவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு நாள் திரும்ப வந்து முழு மைலையும் ஓடிவிடுவார்கள்.

2007இல் டிராக்குக்கு பேனிஸ்டர் பெயரை வைத்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார், காலமானது 2018இல். அதே 2018இல் வளாகத்தில் ஏசர் நெதர்காட் பெயரில் உள்விளையாட்டு அரங்கம் வந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் எட்டுபேர் படகில் சுக்கான் பிடித்து வெள்ளி வென்றவர் அவர், 35 வயதில் இறந்துபோனார். புதுக் கட்டடம் எழும்பினால் பழைய இடம் அழியும் என்று பயப்படுவோம். இங்கே டிராக் டிராக்காகவே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நினைவுச்சின்னம் ஆக்காமல், மாணவர்கள் வியர்த்து ஓடும் இடமாகவே வைத்திருக்கிறார்களே, அதற்காகவே இவர்களைப் பாராட்டுவேன். இந்தப் பக்கம் ஒருவர் ஒலிம்பிக் கனவோடு ஓடுவார், அந்தப் பக்கம் நடுத்தர வயதில் முதல் ஐந்து கிலோமீட்டருக்குத் தயாராகும் ஒருவர் மூச்சு வாங்குவார். இருவருக்கும் அதே லேன்தான்.

ஓடிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிட்டு வாருங்கள். போட்டி நாட்களில் பொதுவாக மற்றவர்களுக்கு இடம் கிடைக்காது. மெதுவாக ஓடுவதானால் முதல் லேனை வேக ஓட்டக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். மைல் ஓடுவதானால் முடிவுக்கோட்டுக்கு ஒன்பது மீட்டர் சொச்சம் பின்னால் நின்று தொடங்குங்கள். மே மாதம் மாலை ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம் இருக்கும், காற்று மட்டும் அன்றன்றைய அதிர்ஷ்டம்.