வாசலில் ஸ்கேனரா, வகுப்பறைக் கதவில் பூட்டா?

அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு பாதுகாப்புக் கருவி விலைபோக, அது பெற்றோர் கண்ணில் பட வேண்டும். பலன் அப்புறம்தான். 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பியூ ஆய்வு மையம் பதின்வயதினரிடம் கருத்துக் கேட்டது. மெட்டல் டிடெக்டர் வைத்தால் பலன் இருக்கும் என்றவர்கள் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர்.

அந்த நம்பிக்கைதான் ஏஐ ஸ்கேனருக்குச் சந்தை. பையைத் திறக்க வேண்டாம், நடந்துபோனாலே ஆயுதம் தெரிந்துவிடும் என்று எவால்வ் நிறுவனம் விற்றது. நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரப் பள்ளிகள் 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கின. 2022 அக்டோபர் 31 அன்று அங்கே ஒரு மாணவர் கத்தியோடு ஸ்கேனரைக் கடந்து போய்ச் சக மாணவரைக் குத்தினார். கத்தியும் சிக்க வேண்டும் என்று உணர்திறனைக் கூட்டினால் பொய் அலாரம் 50 சதவீதத்துக்குப் போகிறது என்கிறது மத்திய வர்த்தக ஆணையம் 2024 நவம்பரில் தொடுத்த வழக்கு. தண்ணீர் பாட்டிலுக்கும் லேப்டாப்புக்கும் கத்துகிற கருவியை வாசலில் நிற்கும் காவலர் எத்தனை நாள் மதிப்பார்?

முகத்தை அடையாளம் காணும் கேமரா இதைவிட மோசம். அதே நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் பள்ளிகள் 2020 ஜனவரியில் அதை இயக்கின. 2023இல் நியூயார்க் மாநிலமே பள்ளிகளில் அதற்குத் தடை போட்டது. பட்டியலில் ஏற்றிய முகத்தைத்தான் அது கண்டுபிடிக்கும். சுடுபவரோ பெரும்பாலும் அதே பள்ளி மாணவர், அல்லது முன்னாள் மாணவர்.

பேனிக் பட்டன், அதாவது ஆபத்தில் அழுத்தினால் உதவிக்கு ஆள் அழைக்கும் பட்டன், தாக்குதலைத் தடுக்காது, உதவி வரும் நேரத்தைக் குறைக்கும். பார்க்லாந்தில் இறந்த மாணவியின் பெயரில் நியூஜெர்சி 2019இல் கொண்டுவந்த அலிஸா சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் பட்டன் எந்த வடிவில் வருகிறது என்று பார்த்து வாங்க வேண்டும். 2022இல் துப்பாக்கிச்சூடு நடந்த டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் எச்சரிக்கை மொபைல் ஆப் வழியாகப் போனது, வைஃபை சரியில்லை. மெக்சிகோ எல்லைப் பக்கம் போலீஸ் கார்களைத் துரத்தியபோதெல்லாம் எச்சரிக்கை வந்து வந்து, ஆசிரியர்களுக்கும் அது பழகிப்போயிருந்தது. ஜார்ஜியாவின் அப்பலாச்சி பள்ளியில் ஆசிரியர்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலேயே பட்டன். அது கைக்கு வந்த ஒரு வாரம் போலத்தான் ஆகியிருந்தது, 2024 செப்டம்பர் 4 அன்று அழுத்த வேண்டி வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். போலீஸ் நிமிடங்களில் வந்து சேர்ந்தது.

அதே பள்ளியில் சுட்டவன் முதலில் ஒரு வகுப்பறைக்குள் நுழையப் பார்த்தான். கதவு பூட்டியிருந்தது, உள்ளே இருந்தவர்களும் திறக்கவில்லை. யுவால்டியில் 111ஆம் அறைக் கதவு சரியாகப் பூட்டாது என்று முன்பே சொல்லியிருந்தும் பழுதுபார்க்க ஆள் வரவில்லை. அங்கே 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள்.

என்னைக் கேட்டால் முதல் பணம் பூட்டுக்கு, அடுத்தது அட்டைப் பட்டனுக்கு. பெற்றோர் ஸ்கேனர்தான் வேண்டும் என்றால் சரி, வாங்கலாம். ஆனால் கத்தியைப் பிடிக்குமா, எத்தனை பொய் அலாரம் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு.