மூன்று பிப்ரவரி, ஒரே கைப்பேசி: சிங்கப்பூர்க் காட்டில் உதிரும் இலைகள்

சிங்கப்பூரில் இலையுதிர் காலமே இல்லை என்பவர்களை பிப்ரவரிக் கடைசியில் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பலகைப் பாதைக்கு அழைத்துப் போக வேண்டும். மொத்தம் 900 மீட்டர்தான். பழைய தோட்டங்களின் மிச்சமாக ரப்பர் மரங்கள் அங்கே காட்டோடு காடாகிவிட்டன. 1877இல் 22 நாற்றுகளாக இங்கு வந்திறங்கிய இனம். மழை குறையும் அந்த நாள்களில் இலைகள் மஞ்சளாகி, செம்பாகி, கொத்துக்கொத்தாக விழும். அந்தச் சில வாரங்களுக்காகவே மூன்று ஆண்டுகளாக ஒரே கைப்பேசியோடு படமெடுக்கப் போய்வருகிறேன்.

முதல் ஆண்டு எல்லாப் படங்களையும் ஆட்டோவில், அதாவது கைப்பேசியே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் முறையில் எடுத்தேன். திரையில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஒன்றைப் பெரிதாக அச்சடித்துப் பாட்டியிடம் காட்டினேன். மலேசியாவின் ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர்.

“என்ன மரம்டா தம்பி இது?”

“பால் மரந்தான் பாட்டி.”

“இம்புட்டுச் செவப்பாவா? எங்க தோட்டத்துல இப்படிப் பாத்ததே இல்லையே. பால் வெட்டுற கத்தி துருப்பிடிச்சா ஒரு நெறம் வரும் பாரு, அதுதான் அந்த எல.”

இலை விழுந்தால் பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும். அந்த நிறத்தை அவர் எப்படி மறப்பார்? அன்றிலிருந்து கத்தித் துருதான் எனக்கு அளவுகோல்.

கைப்பேசி ஏன் சிவப்பாக்கியது என்று புரிய அடுத்த ஆண்டு ஆனது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே வெளிச்சமே பச்சையாகத்தான் இறங்குகிறது. வெளிச்சத்தின் நிறத்தை ஈடுகட்டும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதைச் சரிக்கட்ட மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு ஊதாவைச் சேர்க்கிறது. துருநிறம் ரோஜாச் சிவப்பாவது அப்படித்தான். போதாக்குறைக்கு, பல வெளிச்ச அளவுகளை ஒரே படமாகக் கலக்கும் எச்டிஆர் வசதி நிழலையெல்லாம் வெளிச்சமாக்கிவிட, காட்டின் ஆழமே தட்டையாகிவிடுகிறது. இப்போது லைட்ரூம் என்ற படத்திருத்தச் செயலியின் கேமராவில் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டிவிட்டு, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, 0.7 அளவு குறைத்து, பிறகு திருத்த வசதியான டிஎன்ஜி என்ற மூலக் கோப்பாக எடுக்கிறேன். வெயில் பட்ட மஞ்சள் இலைதான் முதலில் வெளுத்துப்போகும். அதைக் காப்பாற்றிவிட்டால் மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கோப்பு ஏறக்குறைய 25 எம்பி என்பதால் தேறாதவற்றை அன்றிரவே அழித்துவிடுகிறேன்.

எடிட்டிங்கில் நான் செய்த பெரிய தவறு, ஆரஞ்சைக் கூட்டியது. கூட்ட வேண்டியதில்லை, பச்சையைக் குறைத்தாலே போதும். நம் காட்டுப் பச்சை அவ்வளவு வீரியமானது. அதன் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) 25, வெளிச்சத்தை 10 என இறக்கினால் உதிரும் இலைகள் தாமாகவே முன்னே வருகின்றன. ஆரஞ்சின் சாயலை மட்டும் மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்துவேன். நுணுக்கங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டியைப் படம் முழுக்கத் தடவாமல், மாஸ்க் போட்டு இடத்தைப் பிரித்துப் பழைய வெட்டுத் தழும்புள்ள அடிமரத்துக்கு மட்டும் கொடுப்பேன். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைக்க மறக்காதீர்கள். அதை மறந்து ஒரு தொகுப்பு முழுவதையும் நீலமாக்கி வைத்தேன், காலையில்தான் தெரிந்தது.

எடிட்டிங்கால் ஆகாத ஒன்றும் உண்டு. மழை விட்டதும் ஈர இலைகள் வெள்ளையாகப் பளபளக்கும்; அதற்குக் கிளிப்பால் மாட்டும் போலரைசர், அதாவது பளபளப்பை வடிகட்டும் கண்ணாடி வேண்டும். முதன்மை லென்ஸில் மட்டும் மாட்டுங்கள், அகன்ற லென்ஸில் மூலைகள் கறுத்துவிடும்.

காலம் மிகக் குறைவு. பிப்ரவரியில் சூரியன் ஏழேகால் மணிவாக்கில் எழுகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நேர்குத்தாக மேலேறுகிறது. ஒரு மணி நேரம் போனால் இலையிடுக்கில் வெள்ளைப் பொட்டுகள்தான். குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படிந்து அதில் பத்து நிமிடம் போய்விடும். கைப்பேசியைக் கால்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் விடாது.

உண்மையான சிவப்பு வேண்டுமென்றால் கடலோரம் போகலாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் நாட்டு வாதுமை மரங்கள் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை உதிர்க்கின்றன. பச்சையம் வடிந்து ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி ஏறிய அந்த இலைகள் நிஜமாகவே சிவப்பு. திறந்தவெளி என்பதால் ஆட்டோவே நன்றாக எடுக்கிறது.

மூன்றாண்டில் மனத்தாங்கலும் உண்டு. வெளிச்சம் குறைந்தால் இந்தக் கைப்பேசி ஜூம் லென்ஸைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்குகிறது; இலை நரம்புகள் தண்ணீரில் கரைந்த மாதிரி வருகின்றன. வெக்கையில் திரை மங்குகிறது. பேட்டரி இப்போதெல்லாம் பாதி நடையில் இறங்கிவிடுகிறது, பவர்பேங்க் இல்லாமல் போவதில்லை. இருந்தும் இதன் போக்கு எனக்கு அத்துப்படி ஆகிவிட்டதால் மாற்ற மனமில்லை.

இந்த ஆண்டுப் படத்தைப் பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “நெறம் சரிதான். கீழ சருகு எங்கடா? விடியக்காலையில அதுலதான வழுக்கி வழுக்கி நடப்போம்.”

தரையில் கிடக்கும் சருகுதான் கைப்பேசிக்கு ஆகவே ஆகாத இடம். கூர்மையாக்குகிறேன் என்று ஒவ்வொரு சருகையும் சரளைக் கல்லாக்கிவிடும். டிஎன்ஜியில் ஷார்ப்பனிங்கைச் சுழிக்கு இறக்கி, தரையோடு தாழ்த்திப் பிடித்து நாலைந்து படம் எடுத்துப் பார்த்தேன். ஒன்று பரவாயில்லை. மற்றவற்றை அடுத்த பிப்ரவரியில்தான் எடுக்க முடியும்.