ஒரே 1.9 டீசல், மூன்று பேட்ஜ்: ஃபேபியா விஆர்எஸ், இபிசா எஃப்ஆர், இபிசா குப்ரா

2003-ல் ஸ்கோடா, தன் சின்ன ஃபேபியாவில் விஆர்எஸ் என்ற ஸ்போர்ட்ஸ் பேட்ஜை ஒட்டி, டீசல் இன்ஜினோடு மட்டுமே விற்றது. பெட்ரோலில் அந்த மாடல் வரவே இல்லை. அதன் இழுவிசை 310 நியூட்டன் மீட்டர். அடுத்த வருடம் வந்த ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐக்கே 280தான். ஐரோப்பாவில் டீசல் ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான சின்னக் கார்கள் மீது ஒரு தலைமுறைக்கு ஏன் அவ்வளவு பிரியம் வந்தது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

அதே அடித்தளத்தில், அதே குடும்பத்து 1.9 லிட்டர் பிடி (பம்ப்-இன்ஜெக்டர்) டீசலோடு சியட் இபிசாவும் இரண்டு வகையில் வந்தது. எஃப்ஆர் டிடிஐ 130 பிஎஸ் (குதிரைத்திறன்), குப்ரா டிடிஐ 160 பிஎஸ். பழைய கார் வாங்குகிறவர் முன்னால் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 130-ஐ வாங்கி, இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி விசை கூட்டும் ரீமேப் செய்துகொள்ளலாமா, இல்லை நேராகக் குப்ராவுக்கே போகலாமா?

முதலில் ஃபேபியாவும் எஃப்ஆரும். இரண்டிலும் அதே 130 பிஎஸ், அதே ஆறு கியர். ஃபேபியா நிமிர்ந்து நிற்கும் பெட்டி போன்ற கார். உயரமானவர் பின்னால் உட்காரலாம், சாமான் ஏற்றலாம். பச்சை வண்ணப் பிரேக் காலிப்பரைத் தவிர வெளியே பெரிய ஆர்ப்பாட்டம் கிடையாது. எஃப்ஆர் தாழ்வாக உட்காரும், பார்க்க அழகு. ஆனால் வேகத்தில் இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. எனக்கு ஃபேபியாதான் பிடிக்கும். எஃப்ஆர் நல்ல நிலையில் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம், அவ்வளவுதான்.

குப்ரா வேறு ஜாதி. காகிதக் கணக்கில் ஃபேபியா நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 9.6 நொடி, குப்ராவுக்கு 7.6. இழுவிசை 330தான், அதாவது இருபதுதான் கூடுதல். பிறகு இரண்டு நொடி எங்கிருந்து வந்தது? 130 இன்ஜின் நிமிடத்துக்கு 1,900 சுழற்சியில் முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இழுக்கும், நாலாயிரம் வந்ததும் மூச்சு வாங்கும். குப்ராவுக்கு அதிக டீசல் பாய்ச்சும் இன்ஜெக்டர் இருக்கிறது. மற்றது அடங்கும் இடத்திலும் இது இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டே போகும். அந்த முப்பது பிஎஸ் வெறும் சாஃப்ட்வேரில் வந்ததல்ல.

இனி ரீமேப். 130 இன்ஜினைச் சாஃப்ட்வேர் மட்டும் மாற்றி 165, 170 பிஎஸ் வரை கொண்டுபோவது பல வருடமாகப் பழகிய வேலை. எண்ணில் குப்ராவை எட்டிவிடும். ஆனால் கூடும் விசை எல்லாம் நடு சுழற்சியில் மொத்தமாக வந்து விழும். முதல் அடி கிளட்சுக்குத்தான். ஆறாவது கியரில், 2,000 சுழற்சியில், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள். சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. கூடவே கிளட்ச்சை ஒட்டி அதிர்வை உள்வாங்கும் இரட்டை எடை ஃப்ளைவீலும் மாற்ற வேண்டி வந்தால், மலிவான ரீமேப் என்று தொடங்கிய கணக்கு தலைகீழாகிவிடும். நாள்தோறும் ஓட்டுகிற காரென்றால், மேப் செய்பவரிடம் கீழ்ச் சுழற்சியில் இழுவிசையைக் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொல்லுங்கள். உச்ச எண் குறையும், கிளட்ச் பிழைக்கும்.

அடுத்து, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். 130 காரில் அது முன் சக்கர வளைவுக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பெட்டி. கோடையில் தொடர்ந்து விரட்டினால் உள்ளே போகும் காற்று சூடேறி விசை தளரும். அதனால்தான் பலர் முன்பக்கம் பெரிய இன்டர்கூலர் வைக்கிறார்கள். அதற்கும் முன்னால் நான் பிரேக்கில் செலவு செய்வேன். ஃபேபியாவில் முன் டிஸ்க் 288 மில்லிமீட்டர். அதே குழுமத்தின் பெரிய கார்களிலிருந்து 312 மில்லிமீட்டர் செட்டைப் பொருத்துவது பழகிய வழி. 16 அங்குலச் சக்கரத்துக்குள் அது அடங்கும். மூக்கில் கனமான இரும்பு இன்ஜின் இருப்பதால் வளைவில் கார் வெளியே நழுவப் பார்க்கும். பின்னால் தடித்த ஆன்டி-ரோல் பார் (கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) போட்டால் அது கணிசமாகக் குறையும். இதையெல்லாம் விட்டுவிட்டு மேப் மட்டும் செய்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஆனால் இந்த மேம்பாடுகள் எல்லாவற்றையும் விட முக்கியமானது வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். பிடி டீசலில் பொதுவான உயர் அழுத்தக் குழாய் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பம்ப்-இன்ஜெக்டர், அதை அழுத்துவது கேம்ஷாஃப்டே. அழுத்தம் 2,000 பார் வரை போகும். இன்ஜெக்டருக்கும் சேர்த்துக் கேம் முகடு வைக்க வேண்டியிருப்பதால் வால்வுக்கான முகடுகள் ஒல்லியாகிவிட்டன. தவறான ஆயில் ஊற்றினால் முதலில் தேய்வது அவைதான். ஃபோக்ஸ்வேகன் 505.01 தரத்து ஆயில் என்று கேட்டு வாங்குவது இதற்காகத்தான். ரசீதில் அந்த எண் இருந்தால் அந்த காருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம். டைமிங் பெல்ட்டும் தண்ணீர் பம்பும் எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், இன்ஜின் போச்சு.

லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளும் மிகக் குறைந்த மாசு மண்டலம் (யூலெஸ்). கட்டணமில்லாமல் ஓட்ட டீசலுக்கு யூரோ 6 மாசுத் தரம் வேண்டும், பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். இந்த மூன்றும் அதற்கு முந்தியவை, ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வீடு என்றால் இந்த ஆசையை விட்டுவிட்டு, பெட்ரோல் குப்ரா 1.8 டர்போவைத் தேடுங்கள். அது 180 பிஎஸ். பதிவு எண்ணைப் போட்டு அது யூரோ 4 தானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். லெஸ்டரிலோ மில்டன் கீன்ஸிலோ இருப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் ரீமேப் செய்ததை இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். விபத்து நடந்தபின் அவர்களே கண்டுபிடித்தால் இழப்பீடு கையை விட்டுப் போகலாம்.

என் தேர்வைக் கேட்டால், நெடுஞ்சாலையில் தினம் வேலைக்குப் போகிறவருக்கு மிதமான மேப்பும் 312 பிரேக்கும் போட்ட ஃபேபியா. ஞாயிறு காலை மலைப்பாதைக்குப் போகிறவருக்குக் கை படாத குப்ரா. ஏற்கெனவே யாரோ மேப் செய்த குப்ரா மட்டும் வேண்டாம். முன்னவர் அதை எப்படி விரட்டினார் என்பது எந்த ரசீதிலும் இருக்காது.

பார்க்கப் போகும்போது விற்பவரிடம் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானட்டில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வால்வு மூடிப் பக்கமாகக் காதைக் கொண்டுபோங்கள். பிடி இன்ஜின் இயல்பிலேயே கரகரவென்று பேசும், அதில் தவறில்லை. அந்தக் கரகரப்புக்கு மேலே தனியாக ஒரு டிக் டிக் கேட்டால் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருக்கலாம், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த காரைப் பாருங்கள்.