பாய்லரை 60 டிகிரிக்கு இறக்கி ஓட்டிய குளிர்காலங்கள்

நாங்கள் இருப்பது லண்டன் ஹாரோவில், 1930களில் கட்டிய ஒரு செமி, அதாவது பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய வீடு. இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள், லாஃப்டில் (கூரைக்கு அடியில் இருக்கும் பரண்) சூடு வெளியேறாமல் இருக்கப் பெயருக்குக் கொஞ்சம் பழைய பஞ்சு, சமையலறையில் காம்பி பாய்லர். வீட்டைச் சூடாக்குவதும், குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர் தருவதும் அந்த ஒரே கேஸ் பாய்லர்தான். 2022 அக்டோபரில் அரசு தலையிட்டுப் பிடித்து நிறுத்திய பிறகும் கேஸ் யூனிட்டுக்கு (கிலோவாட் மணி) 10.3 பென்ஸ், கரண்ட் 34 பென்ஸ் என்று இருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தேன். விலை பிறகு இறங்கியது, மாற்றிய எதையும் பழையபடி ஆக்கவில்லை. எது பலன் தந்தது, எது வெறும் செலவு என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதல் இடம் பாய்லரின் முகப்பில் இருக்கும் குமிழுக்கு. காம்பி பாய்லரில் இரண்டு அமைப்புகள் உண்டு: ரேடியேட்டர் (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை) படம் போட்டது ஒன்று, குழாய் படம் போட்டது இன்னொன்று. பொருத்த வருகிறவர் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 75, 80 டிகிரி என்று வைத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அதை யாரும் தொடுவதில்லை. வீட்டுச் சண்டை முழுவதும் சுவரில் இருக்கும், அறைச் சூட்டை அளந்து பாய்லரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சுற்றித்தான். இங்கிலாந்தில் 2005க்குப் பிறகு பொருத்திய பாய்லர்களில் பெரும்பாலானவை கண்டென்சிங் வகை. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. அந்த ஆவி பாய்லருக்குள்ளேயே குளிர்ந்து தண்ணீரானால் அதன் வெப்பமும் நமக்கே கிடைக்கும். அதற்கு, ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 80 டிகிரியில் அனுப்பினால் திரும்பி வருவதே 60ஐத் தொடும். காசு கொடுத்த வெப்பத்தில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும்.

60க்கு இறக்கினேன். ஒரு பைசா செலவில்லை. வீடு எப்போதும்போல 19 டிகிரிக்கு வந்து நின்றது, சற்று மெதுவாக. ரேடியேட்டரைத் தொட்டால் மட்டும் முன்புபோலச் சுடாது. திருச்சியிலிருந்து வந்திருந்த மாமியார் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது சூடே ஏறலையே, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்றார். தெர்மோஸ்டாட்டைக் காட்டினேன், அவர் நம்பவில்லை. சூடு என்றால் கையில் சுட வேண்டும் என்பது அவர் கட்சி. வருகிற விருந்தாளிகளில் பாதிப் பேர் அவர் பக்கம்தான்.

குறை இல்லாமல் இல்லை. அறை சூடேற நேரம் பிடிப்பதால் காலையில் அரை மணி முன்னதாகவே ஓட விட வேண்டும். 2022 டிசம்பர் முதல் பாதியில் உறைபனி விடாமல் இருந்தபோது வெளியே துருத்திய பெரிய ஜன்னல் இருக்கும் முன்னறை சூடேறவேயில்லை. அந்த நாட்களுக்கு மட்டும் 65க்கு ஏற்றினேன். இன்னொன்று முக்கியம்: வீட்டில் சுடுதண்ணீரைச் சேர்த்து வைக்கும் சிலிண்டர் (தொட்டி) இருந்தால் இந்த வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். சிலிண்டர் தண்ணீரே 60 டிகிரியில் இருக்க வேண்டும், அதற்குப் பாய்லர் இன்னும் சூடாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளர இடமுண்டு. நான் சொல்வதெல்லாம் காம்பிக்கு. அதில் குழாய்த் தண்ணீரை 50க்கு வைத்திருக்கிறோம். குளிக்க அதற்கு மேல் யாருக்குத் தேவை?

அடுத்தது காற்று. எங்கள் தெர்மோஸ்டாட் ஹாலில், வாசல் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. கதவின் அடியிலும் தபால் துவாரத்திலும் குளிர்காற்று புகுந்து ஹாலை ஆற வைக்கும். மற்ற அறைகள் வெந்தாலும் தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியாது, பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும். தபால் துவாரத்துக்கு ஒரு பிரஷ், கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் ஒரு தடுப்பு. பாய்லர் அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்ததே அதன் பிறகுதான். பயன்படுத்தாத கணப்படுப்பின் புகைபோக்கிக்குள் கம்பளி அடைப்பு ஒன்றும் செருகினேன். முன்னறையில் உட்கார்ந்தால் கழுத்தில் பட்ட குளிர் அன்றைக்கே போனது. ஆனால் வெளிச்சுவரில் தரைக்குச் சற்று மேலே இருக்கும் ஏர் பிரிக்கை (துளை போட்ட செங்கல்) அடைக்கக் கூடாது. பலகைத் தரைக்கு அடியில் காற்றோட்டம் நின்றால் மரம் உளுத்துவிடும்.

லாஃப்ட் வேலைக்குக் கொஞ்சம் பணம் போனது. இங்கே சொல்லப்படும் அளவு 270 மில்லிமீட்டர், எங்களுக்கு இருந்தது அதில் பாதிகூட இல்லை. பழைய பஞ்சின் மேலேயே குறுக்கே இன்னொரு அடுக்கு விரித்தோம். கூரை ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விட்டோம். மாடி அறைகள் இரவு முழுவதும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன, படுக்கப் போகும் முன்பே பாய்லரை நிறுத்திவிட முடிகிறது. கோடையில் மாடி கொதிப்பதும் குறைந்தது. அது நான் எதிர்பார்க்காத லாபம்.

பணத்துக்கு மதிப்பில்லாதவை: செல்போனில் இயக்கும் தெர்மோஸ்டாட். வேலைக்குப் போகும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறவர்களுக்கு அது உதவலாம். எங்களைப் போல மணி தவறாமல் ஒரே ஒழுங்கில் இருக்கும் வீட்டுக்குச் சாதாரண டைமரே போதும். பேட்டரியில் ஓடும் ரேடியேட்டர் வால்வுகளும் அப்படித்தான். சரியாக ஜனவரியில் பேட்டரி தீரும். எண் போட்ட சாதா வால்வை ஆளில்லாத அறையில் 1 அல்லது 2ல் வைத்துக் கதவைச் சாத்தினால் அதே பலன். ஒரு அறைக்கு மட்டும் என்று வாங்கிய கரண்ட் ஹீட்டர் இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், அந்த 2022 விலையில் 68 பென்ஸ். சூடேறும் படுக்கை விரிப்பு வேறு கதை. அது எடுப்பது சுமார் 100 வாட், கூச்சமில்லாமல் சிபாரிசு செய்வேன்.

சிக்கனத்தின் மறுபக்கம் பூஞ்சணம். நம் சமையலில் எழும் ஆவி கொஞ்சமா? போதாததற்கு மழைநாளில் துணியை வீட்டுக்குள்தான் காயப் போடுகிறோம். வீட்டைக் குளிர விட்டால் அந்த ஈரம் வெளிச்சுவரின் மூலையில் கறுப்பாகப் படியும். பழக்கமான ஒரு வீட்டில் 15 டிகிரியில் குளிர்காலத்தை ஓட்டினார்கள், வசந்தத்தில் மிச்சம் பிடித்த பணம் பெயின்ட் வேலைக்குப் போனது. நாங்கள் 18க்குக் கீழே விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அந்த அளவைத்தான். வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால் அதில் பேரமே வேண்டாம். சமைக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் ஓடும், மூடி போட்டுச் சமைப்போம், துணி காயும் அறையில் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியுமிடிஃபையர்.

மிச்சம் எவ்வளவு? பில்லில் இருக்கும் பவுண்டைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. விலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது, கேஸே எரிக்காவிட்டாலும் தினசரிக் கட்டணம் ஓடுகிறது. மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கனமீட்டர் கேஸ் என்பது சுமார் 11 யூனிட். அப்படிப் பார்த்தால் பழைய குளிர்காலங்களைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாக எரிக்கிறோம். அதில் கொஞ்சம் குளிர் மிதமாக இருந்த ஆண்டுகளின் உபயம் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குளிருக்கு 50 டிகிரியில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். கேஸுக்குப் பதில் கரண்டில் ஓடி, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் தண்ணீர் அனுப்பும். அதற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபரில் மானியத்தை 7,500 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். 50ல் வீடு தாங்கினால் எந்த ரேடியேட்டரும் மாற்றத் தேவையில்லை. முன்னறை மட்டும் தகராறு செய்யும் என்று இப்போதே தெரிகிறது. அங்கே இரட்டைப் பலகை ரேடியேட்டர் போட எவ்வளவு ஆகும் என்று பிளம்பரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.